முழங்கால் அளவு

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தானுக்கு முதுகுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது, அதுவும் வேலை சொன்னால்தான் வருகிறது. உன் வீட்டில் எல்லோரும் எப்படி? போனில் கூப்பிட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது, முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் ஆபீஸ் வேலை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து தெரு முழுக்கப் படிவம் கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் வந்த பெரிய வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேள்வி. படிவமெல்லாம் உங்கள் வெள்ளப் பிரிவுக்குத்தான் வருமாம். அதை வைத்து வரைபடத்தில் சிவப்புக் கோடு போடுவீர்களாம். கோட்டுக்குள் விழுந்த தெருவில் கீழ்த்தளத்தில் தொழில் செய்ய உரிமம் கிடையாது, குடும்பங்களை ஊருக்கு வெளியே கட்டும் அடுக்கு வீடுகளுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு.

என் தையல் கூடம் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாலு மிஷின், மூன்று பள்ளிக்கூடத்துச் சீருடை.

நான் "முழங்கால் அளவு" என்று எழுதினேன். நம் தெருவில் அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இப்போது நாலு வீடுதான். எப்படி எழுதுவது என்று கேட்ட இரண்டு வீட்டுக்கும் அதையே சொன்னேன். உனக்கு அப்போது ஆறு வயது, அப்பா தோளில் சவாரி செய்துகொண்டு வந்தாய். செருப்பு போயிற்று என்று ஊரைக் கூட்டி அழுததைத் தவிர உனக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது, ஒற்றைச் செருப்பு!

டிரைவர் அண்ணன் மட்டும் கேட்கவில்லை. அதுதான், எங்கள் சுவரை ஒட்டிய அறையில் தனியாக இருக்கிறாரே, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கட்டிலே கதி. அந்த வெள்ளத்தில் அவர் பஸ் நம் தெருவில்தான் நின்றுபோயிற்று. "ஹெட்லைட் மறைந்தது" என்று எழுதி வைத்திருக்கிறார். "என்ன அண்ணே இது, முழங்கால்னு போடுங்க" என்றேன். "ஆளுக்கு ஆள் முழங்கால் மாறும் தங்கச்சி. ஹெட்லைட் மாறாது" என்றார். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எதையோ எழுதிவிட்டு நான் பார்க்காமல் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் நலம். சின்னவளுக்குச் சளி பிடித்து விட்டது. அத்தானிடம் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்.

படிவங்கள் வந்துவிட்டன. நாலாயிரம் சொச்சம். ஜனங்கள் யாரும் அங்குலத்தில் எழுதவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஆளாளுக்கு உடம்பைக் காட்டுகிறார்கள். பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். ஆபீசில் ஐந்து பேரை நிற்க வைத்து, பேண்டைச் சுருட்டி, அளந்து சராசரி எடுத்தோம். டைப்பிஸ்ட் அம்மா சிரித்துச் சிரித்து அன்று ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை. அந்த அட்டவணையைத் தயாரித்தவன் நான்தான்: முழங்கால் பதினெட்டு அங்குலம், இடுப்பு முப்பத்தாறு, கழுத்து ஐம்பத்து நாலு. இரண்டடிக்கு மேல் நின்ற இடம் கோட்டுக்குள் வரும்.

அட்டவணையில் இல்லாத பதில்களும் உண்டு. "பூனை ஏறி உட்கார்ந்த அலமாரி வரை" என்று ஒருவர். அவற்றை "அளவு தெளிவில்லை" என்ற பெட்டியில் போடுகிறோம். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

எனக்கு ஞாபகம் இருக்காது என்று எழுதியிருந்தாய். ஆமாம் அக்கா, ஆறு வயதுப் பையனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
தம்பி

---

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவளுக்குச் சளி தீர்ந்ததா? இங்கே வெயிலைத் தவிர வேறு குறையில்லை.

வரைபடத்தை நகராட்சி வாசலில் ஒட்டிவிட்டார்கள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன், உன் அத்தான்தான் விரலை வைத்துக் காட்டினார். சிவப்புக் கோடு பின் தெருவைச் சுற்றி வந்து, நம் தெரு முனை மின்கம்பத்தோடு நின்றுவிடுகிறது. நம் தெரு வெள்ளை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும்போது தெருவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். உரிமத்தையும் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். நாலாவது பள்ளிக்கூடமும் சீருடைக்கு வந்திருக்கிறது.

டிரைவர் அண்ணனுக்கும் ஒரு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "எல்லார் முழங்காலையும் எடுத்துக்கிட்டாங்க, என் ஹெட்லைட்டை மட்டும் எங்க கொண்டு போய் போட்டாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார், ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

அந்தக் கோட்டை வரைந்த கை நன்றாக இருக்கட்டும். இதற்குமேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

உன் அக்கா

---

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தொழில் பெருகுவதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு விஷயம். ஒட்டியிருப்பது வரைவுப் படம்தான். இந்த மாதம் முப்பதாம் தேதி வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். டிரைவர் அண்ணன் ஒரு வரி எழுதினால் போதும், மறுபடி அளந்து பார்ப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோடு உரிமத்துக்கு மட்டும் போட்டதில்லை. அணையைத் திறந்தால் ஒலிபெருக்கி ஜீப் எந்தத் தெருவுக்குப் போகவேண்டும், படகு எங்கே நிற்கவேண்டும் என்று பட்டியல் போடுவதும் அதை வைத்துத்தான். நடக்க முடியாதவர்களைத் தூக்கி வர ஆள் ஒதுக்குவார்கள். அந்தப் பட்டியலும் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அவரிடம் சொல்லிவிடு. மறக்காதே.

அன்புடன்,
தம்பி

---

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. உன் கடிதம் துணிக்கட்டுக்குள் போய்விட்டது, நேற்றுத்தான் கண்ணில் பட்டது. தேதி தாண்டிவிட்டதே, இனி அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நீ ஒன்றும் கவலைப்படாதே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், என் மிஷின் நின்றால் அவருக்குக் கேட்கும். "என்ன தங்கச்சி, நூல் அறுந்துபோச்சா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். மழை வந்தால் நான் இல்லையா?

உன் அக்கா

---

நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன் கம்பி அறுந்து கிடக்கிறது, அதனால்தான் பேச முடியவில்லை.

பதினொன்றாம் தேதி காலை அணையைத் திறந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் தெருவில் தண்ணீர். நாலு மிஷினையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம், ஒன்றுக்கும் சேதமில்லை. துணி நனைந்துவிட்டது. அலசிக் காயப்போட்டிருக்கிறோம், சேற்று வாடைதான் போகமாட்டேன் என்கிறது. உன் அத்தானுக்குக் காலில் ஆணி குத்தி ஊசி போட்டார்கள். கூடத்துக் கதவு உப்பிவிட்டது, மூட முடியவில்லை. அப்பா வைத்த சுவர்க் கடிகாரம் போய்விட்டது. டிரைவர் அண்ணன் போய்விட்டார். அரிசி, பருப்பு எல்லாம் புதிதாக வாங்கவேண்டும்.

ஜீப் பின் தெருவுக்கெல்லாம் வந்தது. நம் தெரு முனை மின்கம்பம் வரை வந்து திரும்பிவிட்டது.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

---

டிசம்பர் 14

தம்பிக்கு,

என் கடிதம் கிடைத்ததா? உடம்பு சரியில்லையா? போன் சரியாகிவிட்டது. நீயும் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டால் ஆபீஸ் போயிருக்கிறாய் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகூடவா ஆபீஸ்?

தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், ஜீப் ஏன் திரும்பிப் போயிற்று என்று. உன் தம்பி அங்கேதானே இருக்கிறார், கேட்டுச் சொல்லக் கூடாதா என்கிறார்கள். நான் என்ன சொல்ல?

உன் அத்தான் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மிஷினை மாடியிலிருந்து இறக்கித் தரச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். முதுகுவலி என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

---

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. ஏழு முறை எழுத உட்கார்ந்தேன், ஏழு முறையும் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

டிரைவர் அண்ணன் படிவம் என் மேஜைக்குத்தான் வந்தது. "ஹெட்லைட் மறைந்தது." படித்த உடனே தெரிந்துகொண்டேன். அன்று மாலையே பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு பழைய பஸ்சின் ஹெட்லைட்டை அளந்தேன். தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம். நாலாயிரம் படிவத்தில் சரியான அளவு எழுதிய ஆள் அவர் ஒருவர்தான் அக்கா. மறுநாள் காலை அதை "அளவு தெளிவில்லை" பெட்டியில் போட்டேன். எனக்கு அது தெளிவாக இருந்தது, தெளிவாக இருந்ததால்தான் போட்டேன். நம் தெருவிலிருந்து வந்த மீதி மூன்று படிவமும் முழங்கால் என்றது. கோடு மின்கம்பத்தோடு நின்றது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன், கால் அவர் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. முழங்கால் அளவுத் தண்ணீர் அப்பா நெஞ்சில் தொங்கிய செருப்பை எப்படி இழுக்கும்? இத்தனை வருஷம் அந்தச் செருப்பைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறாய். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜூனில் ஆட்சேபணை பற்றி எழுதியதும் யோக்கியத்தனத்தில் சேர்ந்ததில்லை. நான் செய்ததை அவர் கையால் திருத்திவிட்டால் நான் வாயைத் திறக்காமலே தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

நேற்றுப் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன். "மூணு பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் வேற சொல்றார், யாரா இருந்தாலும் அப்படித்தான்யா போட்டிருப்பாங்க, விடு" என்றார். விட முடியவில்லை. எழுத்தில் கொடுத்திருக்கிறேன். விசாரணை இருக்கும். கோட்டை மறுபடி வரைவார்கள், நம் தெரு உள்ளே வரும். உன் கூடம் போகும் அக்கா. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

தம்பி

---

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

திட்டி எழுது என்கிறாய். எந்த முகத்தோடு திட்டுவேன்?

உன் ஜூன் கடிதம் துணிக்கட்டுக்குள் போகவில்லை. வந்த அன்றே படித்தேன். படித்துவிட்டு நானேதான் துணிக்குள் செருகினேன். டிரைவர் அண்ணன் ஒரு வரி எழுதினால் என் கூடம் போய்விடும் என்று ஜூன் முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமல் டீ கொடுத்தேன்.

அந்த நாளை உன் அத்தானும் நானும் பேசிக்கொள்வதே இல்லை. உனக்குச் சொல்கிறேன். காலை எட்டரை மணி இருக்கும். பின் தெருவில் மைக் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தங்கச்சி, மைக்கு ஏதோ சொல்லுதே, நமக்கா?" என்று கேட்டார். "நமக்கு இல்ல அண்ணே, நம்ம தெரு கோட்டுக்கு வெளியே. வந்தாலும் முழங்கால்தான், நீங்க படுங்க" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். தண்ணீர் எவ்வளவு வரும் என்று தெரிந்தவள், எல்லோருக்கும் முழங்கால் என்று சொல்லிச் சொல்லி, அன்றைக்கு அவரிடம் வேறு அளவு சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் மிஷினை மாடிக்கு ஏற்றச் சொன்னேன், பார்த்தாயா? முழங்கால்தான் என்று நிஜமாக நம்பியிருந்தால் மேஜைமேல் வைத்திருந்தால் போதுமே.

மிஷினை மேஜையோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். உன் அத்தானும் கூடத்தில் துணி வெட்டுகிற பையனும் தூக்கினார்கள். அவரைத் தூக்கவும் இரண்டு பேர் போதும். மூன்றாவது மிஷின் படியில் இருந்தபோது தண்ணீர் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்துவிட்டது. அவர் கம்பால் சுவரைத் தட்டினார். "அண்ணனை முதல்ல பாத்துடலாமா?" என்றார் உன் அத்தான். "இன்னும் ஒண்ணுதான், ஏத்திட்டுப் போங்க" என்றேன். சுவரைப் பார்த்து "வர்றோம் அண்ணே" என்று கத்தினேன். அவர் தட்டுவதை நிறுத்தினார். நான் சொன்னதை நம்பித்தான் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். நாலாவது மிஷின் மாடிக்குப் போனபிறகு இவர்கள் இறங்கினார்கள். அதற்குள் இடுப்பைத் தாண்டிவிட்டது. அவர் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது, இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை.

இப்போது நாலு மிஷினும் மாடியில் இருக்கின்றன. ஒரு தையல்கூடப் போடவில்லை. ஓட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருமோ என்று இருக்கிறது, வராதே என்றும் இருக்கிறது.

கூடம் போகட்டும். நீ செய்தது சரி. விசாரணைக்கு நானும் வந்து சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. அந்தப் படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதினார்?

அக்கா

---

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சாப்பிடுகிறாயா? அத்தானும் நீயும் பேச ஆரம்பித்தீர்களா?

என்னை அஞ்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், முத்திரை குத்துகிறேன். போவதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தை நான் அன்றைக்குப் படிக்கவே இல்லை. மேல் வரியைப் பார்த்தேன், பெட்டியில் போட்டேன்.

உன் கேள்விக்குக் கட்டம் காலி என்று பொய் சொல்லிவிடலாம் என்று பத்து நாள் நினைத்தேன். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டது போதும் அக்கா. அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"வலது கால் நடக்காது. தனி ஆள். எனக்கென்று வண்டி, ஆள் எதுவும் அனுப்பவேண்டாம், வேறு யாருக்காவது உதவும். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் சொன்னால் போதும். அது என்னை விட்டுவிட்டுப் போகாது."

தம்பி

---

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுத முடியவில்லை. தப்பாக நினைக்காதே. சாப்பிடுகிறேன். உன் அத்தான் பேசுகிறார், இருவரும் டிரைவர் அண்ணனைப் பற்றித்தான் பேசுகிறோம். சின்னவளை நன்றாகப் படிக்கச் சொல்.

நகராட்சியிலிருந்து மறுபடி படிவம் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை முழங்கால், இடுப்பு என்றெல்லாம் எழுதக் கூடாதாம், அங்குலம்தான். அது நீ எழுதிக் கொடுத்ததால் வந்த மாற்றம் என்று வந்தவர் சொன்னார்.

இருபத்தைந்து வருஷமாக என் கழுத்தில் இன்ச் டேப் தொங்குகிறது. ஊரில் எல்லோருடைய அளவும் எனக்குத் தெரியும், அரை அங்குலம் பிசகினதில்லை. அன்றைக்கும் டேப் கழுத்தில்தான் இருந்தது, முழங்கால் என்று எழுதும்போது.

கூடத்துச் சுவரில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கிறது. அளந்தேன். ஐம்பத்தெட்டு. எழுதிக் கொடுத்தேன். உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுக்கு வீட்டில் எங்களுக்கு மூன்றாவது மாடி என்கிறார்கள். இரண்டு மிஷினைக் கொடுத்துவிட்டேன், மீதி இரண்டை அங்கே ஏற்றிக்கொள்வோம்.

"ஆள் இல்லாத வீட்டுக்குப் படிவம் வேண்டாம்மா" என்றார் வந்தவர். நான் விடவில்லை, ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். டிரைவர் அண்ணன் அறைக்குள் வெள்ளத்துக்குப் பிறகு நான் போகவில்லை, அன்று போனேன். ஒரே சுவர்தானே, அங்கேயும் ஐம்பத்தெட்டுதான் இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அளந்தேன். கட்டில் உயரம் பதினெட்டு அங்குலம் தம்பி. சரியாக முழங்கால்.

படிவத்தில் எல்லாம் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், "இங்கே இருந்தவர் சரியான அளவை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்" என்று எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, தகவல் தருபவர் அந்த வீட்டில் இருந்தவருக்கு என்ன உறவு என்று. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் வாசலிலிருந்து, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை. "பக்கத்து வீடு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா